உன் படத்தில் நீ போட்ட மூன்று வட்டங்கள்

தம்பி,

அஞ்சலையைக் கொன்றது வாய்க்கால் தண்ணீர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் தோட்டத்தின் நில அளவைப் படத்தில் நீ நீல மையால் போட்ட மூன்று வட்டங்கள்தான் அவளைக் கொன்றன. இதைப் போனில் சொன்னேன். நீ பாதியில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். ஒரு படி பத்திரிகைக்கும் போகிறது. உன் பெயரையும் நீ வேலை செய்கிற கம்பெனியின் பெயரையும் நான் போடவில்லை, தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. போர்ட்டிக்சன் பக்கம், சுவாவுக்கு உள்ளே, ரப்பராக இருந்து எண்ணெய்ச் செம்பனையாகி, இப்போது வீட்டு மனைகளாகப் போகிற தோட்டம் என்று மட்டும் சொல்கிறேன். படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த தோட்டத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. சிரம்பானில் தெமியாங் மண்டபம், தை மாதம், காலை முகூர்த்தம். பின்பக்கம் உன் கையெழுத்தில், "எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் வாருங்கள் அப்பா, ரஹாங்கில் என் வீட்டில் உங்களுக்கு அறை தயாராக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? இங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. பைப்பு மூடியபடியே இருக்கிறது. அவர்கள் இன்று குடிப்பது நான் திறந்துவிட்ட தொட்டித் தண்ணீர். முதல் தொட்டி காலி. இரண்டாவதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. உன் கல்யாணத்துக்குள் அதுவும் தீரும். அந்தப் படம் தவறு என்று கம்பெனியில் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். நாங்கள் சொன்னால் படத்தைக் காட்டுகிறார்கள். இந்தக் கடிதம் அதற்காகத்தான். மற்றதெல்லாம் அதை விளங்கவைப்பதற்காக.

அந்தத் தொட்டிகள் எதற்காக வந்தன என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தவனுக்குத் தெரியாதவனைவிட அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானத்திலிருந்து எந்நேரமும் அண்டக் கதிர்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. சின்னவை நம் உள்ளங்கை வழியாக இப்போதும் போய்க்கொண்டிருக்கும். அவற்றைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் எப்போதாவது ஒன்று வருகிறது. ஊசிமுனையின் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு துகள், வேகமாக எறிந்த கல்லின் பலத்தோடு வருகிறது. எங்கிருந்து வருகிறது, எது அதை எறிந்தது என்று யாருக்கும் தெரியாது. மேலே காற்றில் மோதி உடைந்து, உடைந்தவை மறுபடி உடைந்து, கீழே வரும்போது கூட்டமாகி, மைல் கணக்கான நிலத்தில் ஒரே நொடியில் விழும். ஒரு மழைத்தாரையைப் போல. ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் அது பெரிய மழையா சின்னத் தூறலா என்று சொல்ல முடியாது. தூரம் தூரமாகச் சில இடங்களில் ஒரே கணத்தில் விழுந்தால்தான் பெரியது. அப்படிப்பட்டதில் மிகப் பெரியது ஒரு சதுர மைல் நிலத்தில் ஒரு மனிதனின் ஆயுளுக்கு ஒன்று விழுந்தால் உண்டு.

நீ பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூரிலிருந்து ஒரு விரிவுரையாளர் பழைய வேனில் வந்து இறங்கினார். பணக்கார நாடுகளில் இதற்காக வயல்வெளி முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்றார். தண்ணீருக்குள் அந்தத் துகள்கள் பாயும்போது மங்கலான நீல வெளிச்சம் ஒன்று வரும். நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழல் இருக்கிறது. நாங்கள் அதற்குக் 'கண்' என்றே பேர் வைத்துக்கொண்டோம். அவரிடம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று கழித்துப் போட்ட கண்கள் மூன்றும், மாற்றுக்கு ஒன்றும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. "கருவி குறைவாக இருந்தால் நிலத்தை அகலமாக எடுத்துக்கொள்ள வேண்டும், காலத்தை நீளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மலிவான வழி அது ஒன்றுதான்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. நான் அப்போது தோட்டத்து ரப்பர் ஆலையான ஸ்டோரில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ ரிப்பேரைப் புத்தகம் வாங்கிப் படித்து, நாலைந்து ரேடியோவைக் கெடுத்து, பிறகு கற்றுக்கொண்டவன். "இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டார். "படிப்பேன். பேசினால் சிரிப்பார்கள்" என்றேன். "நான் சிரிக்க மாட்டேன்" என்றார். கடைசிவரை சிரிக்கவில்லை.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். ஸ்டோரில் ரப்பர்ப் பால் ஊற்றி வைக்கிற வட்டத் தொட்டிகள் சும்மா கிடந்தன. தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டு மூன்றை வாங்கினோம். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டினோம். மூடியில் வெளிச்சம் புகாமல் இருக்க நம் தோட்டத்து ரப்பர் ஷீட்டையே வெட்டி வைத்தோம். ஒன்று கடைசி லயத்துக்கு எதிரே, ஒன்று கோயில் பக்கம், ஒன்று பழைய டிவிஷன் ஆபீஸ் மேட்டில். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரை மைலுக்குக் குறையாது. டிவிஷனுக்கு டிவிஷன் கணக்கெழுதும் கிராணிமார் பேசிக்கொள்ளப் போட்டிருந்த டெலிபோன் கம்பி அறுந்து தொங்கியது. அதை நானே ஏறி இழுத்துக் கட்டினேன். மூன்று கம்பியும் நம் வீட்டுக்குள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. மூன்று கண்ணும் ஒரே கணத்தில் பார்த்தால் மட்டும் பெட்டிக்கு மேல் இருக்கிற பழைய டெலிபோன் மணி அடிக்கும். ஒன்றோ இரண்டோ மட்டும் பார்த்தால் அடிக்காது. அவ்வளவுதான் நம் ஆராய்ச்சிக்கூடம். உன் அம்மா அந்தப் பெட்டிக்கு மேல் முறத்தை வைப்பாள், நான் எடுப்பேன், அவள் மறுபடி வைப்பாள்.

முதல் வாரமே ஒரு கண் போனது. கண் வேலை செய்துகொண்டிருக்கும்போது பகல் வெளிச்சம் பட்டால் கருகிவிடும். லயத்து எதிரே இருந்த தொட்டியை யாரோ திறந்து, வாய்க்காலில் பிடித்த மீனை உள்ளே விட்டிருந்தார்கள். விரிவுரையாளர் செங்கல் மேடையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். மாற்றுக் கண்ணைப் போட்டோம். இன்னொன்று போனால் எல்லாம் முடிந்தது. இரும்புச் சட்டம் அடித்துப் பூட்டுப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு வழியில்லை என்றார் அவர். பக்கத்தில் நின்ற, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், "பூட்டை எவனும் உடைப்பான். நம்ம ஆளுங்க சூடத்தை அணைச்சா அந்த வாக்கை உடைக்க மாட்டாங்க. லயத்துப் பொம்பளைங்களைக் கூப்பிடுவோம்" என்றார்.

அஞ்சலை அப்படித்தான் இந்த விஷயத்துக்குள் வந்தாள். உன் அம்மாவோடு ஒரே நிரையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவள். லயத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தாள்.

"உள்ளே என்னண்ணே இருக்கு?"

"தண்ணி."

"தண்ணியை மூடி வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"வானத்திலேருந்து ஒண்ணு விழும். அதைப் பார்க்கணும்."

"விழுந்தா சத்தம் கேக்குமா?"

"கேக்காது."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எப்ப விழும்?"

"சொல்ல முடியாது. நம்ம ஆயுசுக்குள்ள விழலாம்."

"நல்ல வேலைண்ணே. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வேலைக்குப் போறாரு" என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் விரிவுரையாளருக்கே முகம் தெளிந்தது. பிறகு அவளே செங்கல் மேடையில் சூடத்தை ஏற்றினாள். சிரிப்பு நின்றது. "அண்ணன் சொல்லாம இந்த மூடியை எங்க லயத்துல யாரும் தொறக்க மாட்டோம். தொறந்தா ஆத்தா கேக்கட்டும்" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். மற்ற இரண்டு தொட்டியிலும் அப்படியே. நீயும் அங்கே நின்றாய். அவள் கையை முகர்ந்து பார்த்து "கோயில் வாசனை வருது பெரியம்மா" என்றது நீதான்.

எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அது வேலை செய்தது. பூட்டைவிட மலிவாக வேலை செய்தது. பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்து பைப்பில் தண்ணீர் நூலாக வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வாய்க்காலுக்குப் போனார்கள். வீட்டுக்கு எதிரே தொட்டி நிறையத் தண்ணீர். ஒருவரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. நான் திறக்கச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அப்போது வாய்க்கால் சுத்தமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை மணி அடித்தது. காலை வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். வெயில் சுள்ளென்று அடித்தது. அஞ்சலை நம் வீட்டு வாசலில் உன் அம்மாவிடம் உப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். மணி ஒரு தரம் கிணுங்கி நின்றது. நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"யாருண்ணே வந்தது?" என்றாள்.

"ரொம்ப தூரத்திலேருந்து ஒரு விருந்தாளி" என்றேன்.

"வாசல்ல நிக்க வச்சுட்டீங்களே. டீ போடச் சொல்லவா?"

விரிவுரையாளர் மறுவாரம் வந்தார். பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். அன்று போர்ட்டிக்சன் பக்கம் கடலில் இடி இருந்ததா என்று விசாரித்தார். இருந்தது. தூரத்து மின்னல் நம் நீளக் கம்பியில் ஏறி மூன்றையும் ஒன்றாக ஆட்டியிருக்கலாம் என்றார். "இங்கே வெயில் அடித்தது" என்றேன். "கம்பிக்கு வெயில் தெரியாதே" என்றார். அவர் சொன்னது நியாயம். இடிமழைப் பூமியில் நீளக் கம்பி போட்டுவிட்டு மணியை நம்பச் சொல்ல முடியாது. "இன்னொன்று வரட்டும். அன்று இடி இல்லாமல் இருக்கட்டும்" என்றார். சில வருஷத்தில் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கண்களைக் கழற்றிவிடலாம் என்றார். நான் மறுத்தேன். எனக்கு வேண்டியது பணமும் இல்லை பட்டமும் இல்லை, காலம் மட்டும்தான், அது என்னிடம் இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் அஞ்சலைக்கு ஒரே கேள்வி: "விருந்தாளி வந்தாச்சாண்ணே?" "இல்லை." "வழி தெரியாம சிரம்பான் போயிருப்பாரு. பஸ்ஸைப் பாத்து ஏறச் சொல்லுங்க."

உன் அம்மா தவறிப்போன பிறகு உனக்குச் சோறு போட்டதும் அவள்தான். அதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பள்ளியில் உன்னைத் 'தொட்டி மகன்' என்று கூப்பிட்டார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய், அவள் மறுநாள் பள்ளி வாசலில் போய் நின்றாள். நீ இந்தத் தொட்டிகளை வெறுத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். வெறுத்ததற்கு நான் கோபிக்கவில்லை. வெறுக்கிற பொருளையும் சரியாக எழுத வேண்டும். அதுதான் படித்த படிப்பு.

நீ நிலம் அளந்து படம் வரைகிற வேலைக்குப் போய், போன வருஷம் நம் தோட்டத்தையே அளக்க வந்தாய். பூட்ஸ் போட்டு, கோல் பிடிக்க ரெண்டு பையன்களோடு, கம்பெனி வேனில். அஞ்சலை மூட்டு வலியோடு வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள்.

"டேய், மாப்பிள்ளை! ஊரை அளக்குறியே, பொண்ணு வீட்டுல உன்னை அளந்தாங்களா?"

"அளந்தாச்சு பெரியம்மா. கொஞ்சம் குட்டைன்னுட்டாங்க."

"தலைப்பா கட்டினா சரியாப் போயிடும்லா. கல்யாணத்துக்கு என்னை லாரியில ஏத்தாதே, காடி கொண்டா."

"கார்தான் பெரியம்மா. முன் சீட்டு உங்களுக்கு."

மத்தியானம் வேனின் முன்மூடியில் படத்தை விரித்து வைத்திருந்தாய். நல்ல வேலை. கோடு சுத்தமாக இருந்தது. நான் பெருமையாகத்தான் பார்த்தேன். கடைசி லயம், கோயில், பழைய டிவிஷன் மேடு என மூன்று இடத்தில் நீல வட்டம் இருந்தது.

"இது என்ன தம்பி?"

"தொட்டிப்பா."

"என்ன தொட்டி?"

"தண்ணித் தொட்டி. உள்ளே தண்ணிதானே இருக்கு?"

"குடிக்க வச்ச தண்ணி இல்லைன்னு பக்கத்துல எழுது."

"அதுக்குக் குறி கிடையாதுப்பா. தொட்டின்னா நீல வட்டம்தான் லா."

"குறி இல்லேன்னா வார்த்தையில எழுது."

நீ அந்தப் பையன்களை ஒரு பார்வை பார்த்தாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வானத்தைப் பாக்குற தொட்டின்னு எழுதினா ஆபீஸ்ல சிரிப்பாங்கப்பா. எனக்கு இப்பத்தான் வேலை நிரந்தரமாகியிருக்கு" என்றாய். படத்தைச் சுருட்டினாய்.

தவறு நடந்தது அந்த இடத்தில்தான், தம்பி. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கம்பெனிக்காரனும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாலை போட மண்ணை வெட்டும்போது தோட்டத்துப் பைப்பு குறுக்கே வந்தது. மிச்சமிருக்கிற குடும்பங்களுக்கு என்ன வழி என்று யாரோ கேட்டிருப்பார்கள். உன் படத்தைப் பார்த்தார்கள். ஆட்களோ கொஞ்சம், தொட்டிகளோ மூன்று, மூன்றும் பெரியவை. பைப்பை மூடினார்கள். குடியிருப்பவர்கள் இங்கே உள்ள தொட்டிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மலாயில் ஒரு தாளைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் அப்போது குடலிறக்க ஆபரேஷனுக்காகச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

பிறகு நடந்ததை மண்டோர் எனக்குச் சொன்னார். அவரும் கிழவர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன வயசுக்காரர்கள் மோட்டாரில் போய்க் கேனில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது குழந்தைகளுக்கே போதவில்லை. அவர்கள் கொடுத்ததையும் அஞ்சலை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, முன்பு மழை பொய்த்த வருஷத்தில் போனதைப் போலவே குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். வாய்க்கால் பழைய வாய்க்கால் இல்லை. மேலே மண் வெட்டுகிற இடத்தில் வேலையாட்களின் கொட்டகை எல்லாம் அதன் கரையில்தான் இருந்தது. மண்டோர் சுத்தியலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு எதிரே இருக்கிற தொட்டிக்கு வந்திருக்கிறார். அதை அவர் வாயாலேயே கேள்:

"மண்டோரே, கையை எடு, அண்ணன் வரட்டும்னு அஞ்சலையக்கா சொன்னாங்க. அக்கா, வெறும் தண்ணிதானே, அண்ணன் என்ன சொல்லப் போறாருன்னேன். நீ சூடம் அணைச்சியா, நான் அணைச்சேன், என் கைதான் சுட்டுச்சுன்னாங்க. சரி, அண்ணனுக்கு ஆளனுப்பிக் கேக்கறேன்னேன். வயித்தைக் கிழிச்சுப் படுத்திருக்கிற மனுஷனைக் கலங்கடிக்காதே, விருந்தாளி வர்ற நேரத்துல தொறந்துட்டா அவரு தாங்க மாட்டாருன்னாங்க."

மண்டோர் உனக்குப் போன் செய்தார். நீ மறுக்க முடியாது. "தொட்டி நெறையத் தண்ணி இருக்குதே, தொறந்து குடிங்க" என்றாய். சூடம் அணைத்த கையை முகர்ந்து பார்த்தவன் நீ. அவள் திறக்க மாட்டாள் என்று என்னைப் போலவே நன்றாகத் தெரிந்தவன் நீ. ஒரு வார்த்தை, "அப்பா சம்மதம் சொல்லிட்டாரு பெரியம்மா" என்று பொய்யாகவாவது சொல்லியிருந்தால் குடித்திருப்பாள். வாந்தியும் பேதியும் கண்டு அவளை லாரியில்தான் ஏற்றினார்கள். காடியில் இல்லை. நான் தையல் பிரியாத வயிற்றோடு வந்து சேர்ந்தபோது அவள் வீடு கழுவிவிட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கே முதல் தொட்டியைத் திறந்தேன். பட்டப்பகலில் திறந்தேன். கண் கருகும் என்று தெரிந்தே மின்சாரத்தை நிறுத்தாமல் திறந்தேன். ஏன் என்று கேட்காதே. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு பாசி இல்லை. இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள், யாரும் முதலில் முகக்கவில்லை.

போனில் நீ என்னைக் கேட்டாய்: "தண்ணியை மூடி வச்சது நானா நீங்களா?" நான்தான். பூட்டுக்குப் பதிலாக ஒரு பெண்ணின் வாக்கை வைத்தேன். அது மலிவு என்று எடுத்துக்கொண்டேன். அந்த விலையை அவள் கொடுத்தாள். இதை நான் மறைக்கவில்லை. உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்க வேண்டியது அவளிடம். ஆனால் என் பங்கைக் காட்டி உன் பங்கை நீ மூட முடியாது. மூன்று தொட்டிக்கும் காவலாக இருந்தவளுக்கு இருந்தது ஒரு வாக்கு. உனக்கு இருந்தது ஒரு பேனா. இரண்டில் எது எழுத வேண்டியதை எழுதாமல் விட்டது?

அந்தப் பெண்ணோடு நல்லபடி வாழு. அவள் நல்ல பெண் என்றுதான் கேள்விப்படுகிறேன். கல்யாணத்துக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். குறி இல்லாத பொருள் எதிரில் வந்தால், இருக்கிற குறியில் அதைத் திணிக்காதே. வார்த்தையில் எழுது. சிரிப்பார்கள். சிரிப்பில் யாரும் செத்ததில்லை. உன் வீட்டிலும் அப்படித்தான். அவள் சொல்வது உனக்குத் தெரிந்த எதிலும் அடங்காத நாள் வரும். அன்றைக்குப் படத்தைச் சுருட்டிவிட்டு எழுந்து போகாதே, உட்கார்ந்து கேள்.

பழைய டிவிஷன் மேட்டில் மூன்றாவது தொட்டி இன்னும் மூடியிருக்கிறது. அதன் கண் உயிரோடு இருக்கிறது. ஒற்றைத் தொட்டிக்கு எதையும் சொல்லத் தெரியாது. அதன்மேல் எது விழுந்தாலும் பெரியதா சின்னதா என்று அதற்கே விளங்காது. மணி இனி அடிக்காது என்று எனக்குத் தெரியும். மண் வெட்டும் இயந்திரம் அந்த மேட்டைத்தான் அடுத்து நோக்கி வருகிறது. மலிவான வழிக்கு நிலமும் காலமும் வேண்டும் என்றார் அந்த விரிவுரையாளர். நிலம் எப்போதும் நம்முடையதாக இருந்ததில்லை. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குழப்பம் வேண்டாம், ஆள் ஆளாகச் சொல்கிறேன்.

நீ: படத்தை எடு. மூன்று வட்டத்தையும் அழிக்காதே, பக்கத்தில் எழுது. குடிநீருக்கான தொட்டி இல்லை, இதை அறிந்தே எழுதாமல் விட்டேன் என்று எழுதி உன் கையெழுத்தைப் போடு. அதை நீயே கொண்டுபோய் உன் மேலதிகாரியின் மேசையில் வை. வேலை போகும் என்றால் போகட்டும். கல்யாணத்துக்கு முன்பே செய். செய்தால் வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். செய்யாவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்கட்டும், கேட்கிறவர்களுக்கு நீ காரணம் சொல்லிக்கொள்.

உன் கம்பெனி: கடைசிக் குடும்பம் வீடு கிடைத்துப் போகிறவரைக்கும் பைப்பைத் திறக்க வேண்டும். குறுக்கே வந்தால் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். கோயில் சுவரில் ஒட்டிய தாளை ஒட்டிய ஆளே வந்து கிழிக்க வேண்டும். வாய்க்கால் கரையில் இருக்கும் கொட்டகைகளுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே இருப்பவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான்.

மண்டோர்: அஞ்சலை வீட்டு எதிர்த் தொட்டியை இனி சுத்தியல் கொண்டு தொட வேண்டாம். காலியாகிவிட்டது. மூடியை மட்டும் மூடி வைக்கட்டும், பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள்.

உன் மனைவியாக வரப்போகிறவள்: இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். நீ மறைத்தாலும் பத்திரிகையில் படிப்பாள்.

நான்: இரண்டாவது தொட்டி வற்றும் நாளில், பைப்பில் தண்ணீர் வராவிட்டால், மேட்டுக்குப் போய் மூன்றாவதையும் என் கையால் திறந்து கொடுப்பேன். ரஹாங் வீட்டுக்கு வர மாட்டேன். எனக்கு வைத்த அறையை, லயத்தில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம் ஏதாவது ஒன்றுக்கு, அவர்களுக்கு வீடு கிடைக்கும்வரை கொடு.

அஞ்சலை: அவள் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. அவள் சொன்னதைச் செய்துவிட்டுப் போனாள்.